நிரஞ்சனா வேலைக்கு வந்த கதை

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு ஒரு திங்கட்கிழமை நிரஞ்சனா வேலைக்கு வந்து சேர்ந்தாள். சேலத்திலிருந்து புளியஞ்சாவடிக்கு வரும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, இரண்டு பக்கமும் தறி தடதடக்கிற தெருவில் யாரிடமும் வழி கேட்காமல் நடந்து, இந்திராணியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் கைப்பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக உள்ளே வந்து, "வணக்கம். நான் நிரஞ்சனா, வாடிக்கையாளர் சேவை மேலாளர். தங்களுக்கு எந்த வகையில் உதவலாம்?" என்று கேட்டாள். அப்படி ஒரு பெண் உலகத்தில் கிடையாது என்பது இந்திராணிக்கு நன்றாகத் தெரியும். அவளைக் கற்பனை செய்ததே இந்திராணிதான். ஆனால் ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் சேலையும், தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிய போனில் ஒரு பெங்களூர்க்காரியின் வசவுமாக நின்றுகொண்டிருந்தவளுக்கு ஆச்சரியப்படத் தெம்பில்லை.

"வந்துட்டியா? உக்காரு," என்றாள். "காலையிலேர்ந்து மெயிலு மலையாட்டம் கெடக்குது."

உள்ளே பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் செங்கோடன் தலையை நீட்டிப் பார்த்தார். "யாரு இது?"

"நிரஞ்சனா."

"ஓ, நம்ம நிரஞ்சனாவா?" என்று சொல்லிவிட்டு, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, அடுத்த பார்சலை எடுத்துக்கொண்டார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல, "மத்தியானம் சோறு ஒரு ஆளுக்குச் சேத்து வைக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கும் தெம்பில்லைதான்.

புளியஞ்சாவடியில் தறி இல்லாத வீடு கிடையாது, இப்போது ஆன்லைனில் சேலை விற்காத வீடும் கிடையாது. விற்பது சுலபம், விற்ற பிறகுதான் நாக்குத் தள்ளும். போட்டோவில் மயில்கழுத்து நிறமாக இருந்தது நேரில் பாசிநிறமாக இருக்கிறது என்பார்கள், பிளவுஸ் பிட் எங்கே என்பார்கள், முந்தானையில் ஒரு நூல் தூக்கிக்கொண்டிருக்கிறது, இதைக் கட்டிக்கொண்டு நான் என் நாத்தனார் முன்னால் எப்படி நிற்பேன் என்பார்கள். இந்திராணி தன் பெயரிலேயே பதில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், "உன்கிட்ட என்னம்மா பேச்சு, மேனேஜர்கிட்ட குடு" என்பார்கள். மேனேஜரும் அவள்தான், பேக்கிங்கும் அவள்தான், சேலையை மடித்துப் போட்டோ எடுத்தவளும் அவள்தான் என்று சொன்னால் இன்னும் கேவலமாகப் பேசுவார்கள்.

அப்புறம்தான் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெண் தொழில்முனைவோருக்கு ஒருநாள் பயிற்சி என்று, மதியம் சாம்பார் சாதப் பொட்டலத்தோடு நடத்தினார்கள். கோட்டுப் போட்ட ஒரு பயிற்சியாளர் வந்து, ஓங்காளியம்மன் டெக்ஸ் என்ற பெயரை ஓம்கா வீவ்ஸ் என்று மாற்றச் சொன்னார், கம்பெனி பெயரிலேயே மெயில் முகவரி வாங்கச் சொன்னார், 'நான்' என்று ஒருபோதும் எழுதாதீர்கள், 'நாங்கள்' என்றே எழுதுங்கள் என்றார், மெயிலின் அடியில் ஒரு நல்ல பெயரும் பதவியும் வேலை நேரமும் இருக்கட்டும் என்றார். மண்டபத்தில் இருந்த அத்தனை பெண்களும் அங்கேயே உட்கார்ந்து ஆளுக்கொரு மேலாளரைப் பெற்றெடுத்தார்கள். பக்கத்து வீட்டுச் சாவித்திரி, அர்ஜுன் என்று ஒரு ஆண்பிள்ளையைப் போட்டுக்கொண்டாள், ஆம்பளை என்றால் கொஞ்சம் பயப்படுவார்கள் என்று. இந்திராணி நிரஞ்சனா என்று எழுதி, அடியில் காலை பத்து முதல் மாலை ஆறு வரை என்று எழுதினாள்.

மற்றவர்கள் அந்தப் பெயரைக் கையெழுத்தோடு விட்டுவிட்டார்கள். இந்திராணி தன்னிடம் இருந்த நல்ல வார்த்தை அத்தனையையும் அந்தப் பெண்ணுக்கே கொடுத்தாள். கணவனிடம் பேசாத, சொந்தக்காரர்களிடம் பேசாத, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளாத நயமெல்லாம் நிரஞ்சனாவின் மெயிலில் இருக்கும். 'தங்கள் மனவருத்தம் எங்களுக்குப் புரிகிறது' என்று எழுதுவாள். 'ஆசையாகக் காத்திருந்து ஏமாந்துபோவது எவ்வளவு கஷ்டம் என்று அறிவோம்' என்று எழுதுவாள். தொடக்கத்தில் ஒருமுறை வெறும் 'வருந்துகிறோம்' என்று மட்டும் எழுதியதற்கு, "உங்க வருத்தத்தைக் கட்டிக்கிட்டு நான் கல்யாணத்துக்குப் போக முடியுமா?" என்று ஒருத்தி பதில் போட்டாள். அன்றைக்கு அவள் ஒரு விதி வைத்துக்கொண்டாள். வருந்துகிறோம் என்று எழுதினால் அடுத்த வரியில் என்ன செய்யப்போகிறோம், எத்தனை நாளில் செய்யப்போகிறோம் என்று எழுதியே ஆக வேண்டும், எழுதினால் செய்தே ஆக வேண்டும். மூன்று வேலை நாட்களுக்குள் என்று நிரஞ்சனா வாக்குக் கொடுப்பாள், அந்த மூன்று நாளும் இந்திராணி ஓடுவாள். ஓம்கா வீவ்ஸ் பேர் வாங்கியது இப்படித்தான், இந்திராணியின் முதுகு போனதும் இப்படித்தான்.

ஆகவே நிரஞ்சனா வந்ததைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாக மூக்கில் விரல் வைக்கவில்லை. இத்தனை வருஷமாக அவளிடமிருந்து மெயில் போய்க்கொண்டிருக்கிறது, ஒருநாள் நேரில் வந்துவிட்டாள், அதில் என்ன இருக்கிறது என்பதுதான் டீக்கடைப் பேச்சு. எந்த ஊர், என்ன ஆட்கள், கல்யாணம் ஆகிவிட்டதா என்று வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டுப் பார்த்தார்கள். அவள் எல்லாவற்றுக்கும் "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று சொல்லவும் விட்டுவிட்டார்கள். ஆறு மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவாள். சேலம் போய்ச் சேரும்போது அவள் உட்கார்ந்த சீட் காலியாக இருக்கும், நடுவில் எங்கேயும் இறங்கவும் மாட்டாள் என்று கண்டக்டர் சொன்னார். "டிக்கெட் எடுத்துர்றாங்க. அதுக்கு மேல நமக்கு என்னத்துக்கு?" என்பது அவருடைய கட்சி.

வருத்தப்பட்டது சாவித்திரி ஒருத்திதான். அவள் அர்ஜுனுக்காக வாசல் தெளித்துக் கோலம் போட்டு, வேட்டி துண்டு எடுத்து வைத்து, கறிக்குழம்பு வைத்துக்கூடப் பார்த்தாள். அவன் வரவில்லை. "நான் அவன ரெண்டு வரிக்கு மேல எழுத விட்டதே இல்ல. ரிட்டர்ன் கெடையாதுன்னு சொல்றதுக்கு மட்டும் கூப்பிட்டா எவன் வருவான்?" என்று இந்திராணியிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் குழம்பில் கொஞ்சம் இவர்களுக்கும் வந்தது.

வந்த வாரம் இந்திராணிக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. மெயிலை நிரஞ்சனா பார்த்துக்கொண்டாள், போனையும் அவளே எடுத்தாள். எத்தனை கத்தினாலும் அவள் குரல் ஒரு இழைகூட ஏறாது. இந்திராணி உட்கார்ந்து காப்பி குடித்தாள். காப்பி சூடாக இருக்கும்போதே குடிக்கலாம் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

பிறகுதான் பால்காரப் பாப்பாத்தி வந்தாள். அவள் பால் ஊற்ற வந்தபோது நிரஞ்சனா வாசலில் நீல பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்து சேலைகளின் நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பாத்தி வழக்கம்போல யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், போன மாசம் மெயின் ரோட்டில் தன்னுடைய எருமையை லாரிக்காரன் அடித்துப் போட்டுவிட்டுப் போனதையும், கேட்கப் போன இடத்திலெல்லாம் வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பியதையும் சொல்லித் திட்டிக்கொண்டே பாலை அளந்தாள். நிரஞ்சனா சேலையை மடியில் வைத்தாள்.

"தங்களுக்கு ஏற்பட்ட இழப்பை அறிந்து மிகவும் வருந்துகிறோம். இத்தனை நாள் தங்களுக்கு யாரும் பதில் சொல்லாமல் இருந்ததற்காகவும் வருந்துகிறோம்."

பாப்பாத்தி பால் கேனைக் கீழே வைத்தாள். எருமை செத்த அன்றைக்குக்கூட அழாதவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தெரு பார்க்க, எட்டு வீட்டுப் பால் திரிந்துபோகும்வரை அழுதாள். யாரிடமிருந்தும் அவள் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை, ஐம்பத்தைந்து வயதுவரைக்கும். அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தபோது நிரஞ்சனா அடுத்த வரியையும் சொன்னாள், ஏனென்றால் அவளுக்கு அடுத்த வரி இல்லாமல் முடிக்கத் தெரியாது. "மூன்று வேலை நாட்களுக்குள் இதைச் சரிசெய்து தருகிறோம்."

மறுநாள் பாப்பாத்தி தன் தங்கச்சியைக் கூட்டிவந்தாள். தங்கச்சி தன் ஓர்ப்படியாளைக் கூட்டிவந்தாள். அதற்கடுத்த நாள் தறி ஓட்டுகிறவர்கள் வந்தார்கள், சாயப்பட்டறையில் கை வெந்தவர்கள் வந்தார்கள், தெருமுனைக் குழாயில் இரண்டு வருஷமாகத் தண்ணீர் வரவில்லை என்கிறவர்களும், அண்ணன் ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டான் என்கிறவர்களும், பெரிய பரீட்சையில் பிள்ளை தோற்றுத் தூக்கில் தொங்கிவிட்டான் என்கிறவர்களும், முப்பது வருஷத்துக்கு முன்னால் மாமனார் செருப்பால் அடித்தார் என்கிறவர்களும் வந்தார்கள். வரிசை இந்திராணி வீட்டில் தொடங்கி, சாவித்திரி வீட்டைத் தாண்டி, ஓங்காளியம்மன் கோயில் வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. டீக்கடைக்காரர் இரண்டு பெஞ்சு சேர்த்துப் போட்டார். பஞ்சாயத்துத் தலைவர் நல்லதம்பி தன் பெயர் போட்ட சாமியானா ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். ஊரில் யாருக்கு என்ன குறை என்றாலும் தன்னிடம் வராமல் அங்கே போகிறார்கள் என்பதில் அவருக்கு நிம்மதி. அப்புறம் ஒருநாள் அவரும் வந்து வரிசையில் நின்றார், தேர்தலில் தன் சொந்தத் தம்பியே தனக்கு ஓட்டுப் போடவில்லை என்று. அவருக்கும் நிரஞ்சனா வருந்தினாள். சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஒவ்வொருவருக்கும் அடுத்த வரியும் கிடைத்தது.

மாலை ஆறு மணிக்குக் கிளம்புவதற்கு முன் நிரஞ்சனா உள்ளே வந்து, அன்றைக்குக் கேட்டது அத்தனையையும் ஒன்றுவிடாமல் இந்திராணியிடம் ஒப்பிப்பாள். "மேடம், இவற்றையெல்லாம் நாம் முடித்துத் தர வேண்டும்" என்பாள். யார் வாக்குக் கொடுத்தாலும் ஓடுவது இந்திராணி என்பதுதானே அந்த வீட்டில் வழக்கம், அவளுக்கு வேறு வழக்கம் தெரியாது. இந்திராணி முதலில் சிரித்தாள். பிறகு ஓடினாள். குழாய்க்கு நிரஞ்சனாவை விட்டு ஒரு மெயில் போடச் சொன்னாள், அந்த மெயிலைப் படித்த அதிகாரிக்கு என்ன ஆயிற்றோ, தானே வண்டி எடுத்துக்கொண்டு வந்து நின்று குழாயைச் சரி பண்ணிவிட்டுப் போனார். கை வெந்தவனை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனாள். அண்ணன் தம்பியை உட்கார வைத்துப் பேசினாள். ஊரே இந்திராணியை வாயார வாழ்த்தியது, அவளுடைய காப்பி மறுபடி ஆறத் தொடங்கியது. சேலை அனுப்ப வேண்டியவர்களுக்குச் சேலை போகவில்லை, அதற்கும் நிரஞ்சனா நயமாக வருந்தி, மூன்று வேலை நாட்கள் என்றாள்.

செங்கோடன் ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிப் பார்த்தார். "ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் நமக்கு எதுக்கு? அந்தப் புள்ளய மெயில மட்டும் பாக்கச் சொல்லேன்."

"நீங்க சொல்லிப் பாருங்க."

அவர் போய்ச் சொன்னார். "தங்கள் ஆலோசனைக்கு நன்றி" என்றாள் நிரஞ்சனா. அவர் திரும்பி வந்து மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

இந்திராணிக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. அவளுக்கு வந்தது வேறொன்று, அதை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. ஜன்னல் வழியாக அந்த நீல நாற்காலிக்கு எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஊரில் நடக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள், அவள் ஒருத்தி உட்காரவில்லை. அவளிடமும் ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை வயிற்றிலேயே, எட்டாம் மாதத்தில் போய்விட்டது. அதற்கு யாரும் அவளிடம் ஒரு வார்த்தை வருந்தவில்லை. அவளும் கேட்கவில்லை, சேலை வியாபாரத்தில் கேட்பது வாடிக்கையாளர், பதில் சொல்வது நாம் என்று பழகிப்போயிருந்தாள். அந்த நாற்காலியில் ஒரே ஒருமுறை உட்கார வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஆனால் தன் வீட்டு வாசலில், தான் எழுதிக் கொடுத்த வார்த்தைகளைத் தனக்கே சொல்லச் சொல்லிக் கேட்பது எப்படி? பிறகு பார்க்கலாம், வரிசை குறையட்டும் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டாள். வரிசை குறையவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பாப்பாத்தி வந்தாள். இந்தமுறை கையில் பால் கேன் இல்லை, கயிறு இருந்தது.

"மூணு நாளுன்னு சொன்னியே கண்ணு, எத்தன மூணு நாளு போச்சு? எரும எங்க?"

நிரஞ்சனா, "தாமதத்துக்கு வருந்துகிறோம். மூன்று வேலை நாட்களுக்குள்..." என்று ஆரம்பித்தாள்.

"அதத்தான் அன்னைக்கும் சொன்ன!"

ஒருத்தி குரல் எழுப்பியதும் மற்றவர்களுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஏமாற்றிய அண்ணன் இரண்டு நாள் நல்லவனாக இருந்துவிட்டு மறுபடி பழையபடி ஆகிவிட்டான் என்றார்கள். செருப்படிக்கு என்ன பதில் என்றார்கள், மாமனார் செத்து இருபது வருஷம் ஆகிறது. பிள்ளையைத் தூக்குக்கயிற்றில் கொடுத்த தகப்பன் வேப்பமரத்தடியில் நின்று நிரஞ்சனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், மற்றவர்கள் கத்தியதைவிட அது மோசமாக இருந்தது. இத்தனை நாள் கண்ணீர்விட்ட அதே சனம், சேலை கிழிந்துபோன வாடிக்கையாளர்களைப்போல ஒரே குரலில், ஏமாத்து வேலை, எல்லாம் வாய்ச்சவடால் என்று சத்தம் போட்டது. தலைவர் நல்லதம்பி ஆளைவிட்டுச் சாமியானாவை அவிழ்க்கச் சொன்னார். நிரஞ்சனா ஒவ்வொருவரையும் பார்த்து வருந்திக்கொண்டும் மூன்று நாள் கேட்டுக்கொண்டும் இருந்தாள். அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது. கடைசியில் யாரோ ஒருவர், "உங்கிட்ட என்ன பேச்சு, மொதலாளியக் கூப்புடு!" என்று கத்தினார்.

அந்த வார்த்தையை இந்திராணி எங்கே கேட்டாலும் கால் தானாக நடக்கும். சேலை மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயிலில் ஊரே நின்றுகொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தால் என்ன சொல்வாள் என்று எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன், திங்கட்கிழமைக்குள் என்பாள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அங்கிருந்து நகரவில்லை. அவள் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் ஒரு கம்ப்ளைண்டு இருக்குது," என்றாள்.

நிரஞ்சனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்கள். தங்களுக்கு எந்த வகையில் உதவலாம்?"

"எட்டாம் மாசம் எனக்கு. தீவாளிக்கு முந்தின வாரம். அப்ப லாரியிலதான் பார்சல் போவும். ரெண்டு நாளு கண்ண மூடாம கட்டுனேன். மத்தியானம் இடுப்பு விட்டுப்போச்சுன்னு உள்ள போயிச் சித்த படுத்தேன். படுத்ததும் தூக்கம் வந்துருச்சு, நல்ல தூக்கம். எழுப்புனாங்க. எந்திரி, லாரி வந்துருச்சு, நீ இல்லாம ஒண்ணும் பிடிபட மாட்டேங்குதுன்னு எழுப்புனாங்க. எந்திரிச்சேன். பண்டலத் தூக்கிக் குடுத்தேன். சாயங்காலம் ஆசுபத்திரிக்குப் போறப்ப உள்ள அசைவு இல்ல." அவள் யாரையும் பார்க்கவில்லை, மடியில் இருந்த தன் கையைப் பார்த்துச் சொன்னாள். "பொம்பளப் புள்ள. மொகத்தக்கூட எனக்குக் காட்டல. வீட்டுக்கு வந்து மறுபடி பார்சல் கட்ட உக்காந்தேன். விதின்னாங்க. அடுத்தது பொறக்கும்னாங்க. பொறக்கல. அந்தத் தூக்கத்துல இருந்து உன்ன எழுப்பியிருக்க வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லல. அதுதான் கம்ப்ளைண்டு."

வீட்டுக்குள் டேப் கிழிபடும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"தங்களுக்கு ஏற்பட்ட இழப்பை அறிந்து மிகவும் வருந்துகிறோம்," என்றாள் நிரஞ்சனா. எல்லாரும் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். அவளும் அதற்காகத்தான் வாயைத் திறந்தாள். மூன்று என்று ஆரம்பித்து, நிறுத்தினாள். மறுபடி திறந்தாள், மறுபடி மூடினாள். இந்திராணி எழுதிய ஆயிரக்கணக்கான மெயில்களிலும் இதற்கு ஒரு வாக்கியம் இல்லை. நிரஞ்சனா கழுத்து அட்டையைக் கழற்றி மடியில் வைத்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, இந்திராணியின் கையைப் பிடித்து, அந்த ஊர்க்காரியைப்போலவே பேசினாள்.

"இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்கக்கா."

இந்திராணி அழுதாள். அது துக்கத்தைவிட அசதியின் அழுகை. ஒண்ணும் பண்ண முடியாது என்று ஒருவர் சொல்லிவிட்டால் ஓட வேண்டியதில்லை, திங்கட்கிழமைக்குள் எதையும் முடிக்க வேண்டியதில்லை, அழலாம். அவள் தோள் குலுங்கக் குலுங்க, நிரஞ்சனா கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் அசைந்தது பாப்பாத்தி. "எருமைக்கும் அப்படித்தான்," என்றாள் தனக்குள் சொல்வதுபோல. "செத்தது செத்ததுதான?" கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, போகிற வழியில் இந்திராணியின் தலையைத் தொட்டு, "போயி மொகத்தக் கழுவு தாயி," என்று சொல்லிவிட்டுப் போனாள். வேப்பமரத்தடியில் நின்ற தகப்பன் ஒரு பெருமூச்சு விட்டார். செருப்படி வாங்கியவள் மூக்கைச் சிந்தினாள். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை, ஆனால் வரிசை பின்னாலிருந்து ஒவ்வொருவராகக் கலைந்தது. சரிசெய்ய முடிகிற குறை உள்ள ஒரு சிலர் மட்டும், திங்கட்கிழமை மெயில் போட்டுப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

செங்கோடன் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை, கையில் டேப் உருளை அப்படியே இருந்தது. நிரஞ்சனா அவரைப் பார்த்து, "உக்காருங்கண்ணா. உங்களுக்கு என்ன கொறை?" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார். "அந்தக் கம்ப்ளைண்டு எம்மேல. அன்னைக்கு எழுப்புனது நாந்தான்."

பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக ஒரே அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பார்சல் கட்டியவர்கள்தான், பார்த்துக்கொண்டது குறைவு. "எழுப்பியிருக்கக் கூடாது இந்திரா," என்றார். அடுத்த வரி அவருக்கும் தெரியவில்லை. உருளையைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார்.

பரவாயில்லை, விடுங்க என்று சொல்வது இந்திராணிக்குக் கைவந்த கலை, உலகம் பூராவும் இருக்கிற வாடிக்கையாளர்களுக்கு ஒரு நாளைக்கு நூறு தடவை எழுதுகிறாள். அவள் அதைச் சொல்லவில்லை. அது பரவாயில்லை என்று விடக்கூடியது இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் கொஞ்சம் படுக்கறேன்," என்று சொல்லி உள்ளே போனாள். பாய்கூட விரிக்காமல், அனுப்ப வேண்டிய சேலைகளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்திலேயே சுருண்டு படுத்தாள். செங்கோடன் போய் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வருவதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.

ஆறு மணிக்கு நிரஞ்சனா கைப்பையை எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு பஸ் ஏறப் போனாள். திங்கட்கிழமை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. செங்கோடன் அவள் விட்டுப்போன நாற்காலியை நிலைப்படிக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். நடுவில் எழுந்துபோய், அவள் படுத்திருந்த பக்கத்துச் சுவரை ஒட்டி ஓடிய தறியை மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். கூரியர் வண்டி வந்து ஹாரன் அடித்தது, கையைக் காட்டி அனுப்பிவிட்டார். அப்புறம் போன் அடித்தது. அவர் வழக்கமாக எடுப்பதில்லை, அன்றைக்கு அதன் சத்தத்தை நிறுத்துவதற்காகவே எடுத்தார். அந்தப் பெங்களூர்க்காரிதான்.

"மேனேஜர் நிரஞ்சனா இருக்காங்களா?"

"கெளம்பிட்டாங்க."

"அப்ப ஓனரம்மாகிட்ட குடுங்க."

"தூங்கறாங்க."

"தூங்கறாங்களா? இந்த நேரத்துலயா? எனக்கு அர்ஜென்ட் சார். எழுப்புங்க."

செங்கோடன் உள்ளே திரும்பிப் பார்த்தார். மயில்கழுத்தும் அரக்கும் குவிந்து கிடந்த நடுவில் இந்திராணி வாய் லேசாகத் திறந்து, ஒரு கை தலைக்கடியில் மடங்கியிருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எழுப்ப மாட்டேனுங்க," என்றார்.